நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக்

புனேயில் குடியேறி வாழும் தமிழர்களுள், கோடை விடுமுறைக்கும் பொங்கலுக்கும் சொந்த மோட்டார் வண்டியிலேயே ஊருக்குப் புறப்பட்டுவிடுவோர் பலர் உளர். சாத்தாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி வழியாகப் பெங்களூரை அடைந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று இறங்கிச் சேலத்தை எட்டும் அந்தப் பாதையை அவர்கள் நன்கறிவர். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பாதையில், சாத்தாராவுக்கு இப்பாலுள்ள காம்பட்கி மலைப்பாதையிலும், தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையேயுள்ள தொப்பூர்க் கணவாயிலும் வண்டியின் பிரேக் உண்மையாகவே சோதிக்கப்படுகிறது. திரும்பி வரும்போது மூன்றாவது சோதனை வீட்டு வாசலிலேயே காத்திருக்கிறது. காத்ரஜ் புதுச் சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரையுள்ள நீண்ட சரிவைச் சொல்லுகிறோம்.

2022-ம் ஆண்டு நவம்பர் 20-ம் தேதி இரவு, அந்தச் சரிவில் கட்டுக்கடங்காமல் வந்த லாரி ஒன்று இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகளை மோதிச் சேதப்படுத்தியது. பிரேக் பழுதாயிற்று என்றே முதலில் எல்லோரும் பேசினர். ஓட்டுநர் இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வந்தார் என்று பின்னர்ப் போலீசார் தெரிவித்தனர். இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரேக் என்பது சக்கரத்தருகே பொருத்திய ஓர் உறுப்பு மட்டுமன்று. மிதிகட்டையிலிருந்து டயர் வரை ஒன்றையொன்று நம்பி நிற்கும் பல உறுப்புகளின் கூட்டம் அது. ஒன்றை மாற்றினால் மற்றவற்றின் கணக்கும் மாறிவிடுகிறது.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. புனேயிலும் பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதியிலும் பழைய வண்டிகளைப் பேணி வளர்க்கும் அன்பர்கள் பெருகி வருகின்றனர். பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தார் 1964-ம் ஆண்டு முதல் செய்துவந்த ஃபியட் 1100 டிலைட், பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்றது. பம்பாயின் கறுப்பு-மஞ்சள் டாக்சியாக ஓடிய பத்மினிகள் 2023-ம் ஆண்டு அக்டோபர் மாதத்துடன் ஓய்வு பெற்றன. ஆனால் தனியார் வீடுகளில் அவ்வண்டி இன்னும் ஓய்வு பெறவில்லை. தந்தையார் ஓட்டிய வண்டி என்ற பற்றினால் அதைப் புதுப்பித்து ஓட்டும் குடும்பங்கள் தமிழர்களிடையேயும் உண்டு. பத்மினிகளில் பெரும்பாலானவை நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உடையவை. இதில் ஒரு வேடிக்கை: இத்தாலியில் 1966-ம் ஆண்டு வெளிவந்த அதன் உடன்பிறப்பான 1100 ஆர் வண்டிக்கு முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. நம் நாட்டு வண்டி டிரம்முடனேயே காலங்கழித்தது. ஆகவே, "நான்கு சக்கரத்திற்கும் டிஸ்க் போட்டுவிட்டால் என்ன?" என்ற ஆசை எழுவது இயல்பே. ஆசைக்கு நாம் தடை சொல்லவில்லை. எதை வாங்குவது, எந்த அளவில் வாங்குவது, எதை வாங்காமலே விடுவது என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் பிரேக் செய்யும் வேலையைப் பார்ப்போம். ஓடும் வண்டியிலுள்ள இயக்க சக்தியை உஷ்ணமாக மாற்றிக் காற்றில் விடுவதே அதன் தொழில். ஆட்களோடும் மூட்டைகளோடும் 1,200 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஒரு முறை நிறுத்தினால், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு உஷ்ணம் பிறக்கிறது. இது சமதளத்தில். மும்பை செல்லும் வழியில் கண்டாலாவிலிருந்து கோப்போலிக்கு இறங்கும் மலைப்பாதையை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் இறங்குகிறோம் என்றால், அதே வண்டி பதினெட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சக்தியை வழியில் எங்கேனும் செலவிட்டாக வேண்டும். எஞ்சினும் எதிர்க்காற்றும் ஒரு பங்கை ஏற்கும். மிகுந்ததெல்லாம் பிரேக்கின் தலையில் விழுகிறது.

டிரம் பிரேக் ஒரு மூடிய சட்டி போன்றது. உள்ளே இரண்டு ஷூக்கள் விரிந்து சட்டியின் உட்சுவரை அழுத்துகின்றன. பிறந்த உஷ்ணம் எளிதில் வெளியேறுவதில்லை. சட்டி சூடேறினால் விரிகிறது. ஷூ மேலும் தள்ளிப் போய் அழுத்த வேண்டியிருக்கிறது. லைனிங்கும் பிடிப்பை இழக்கிறது. மலையடிவாரத்தை நெருங்கும்போது மிதிகட்டை ஆழமாக இறங்குவதை அநுபவித்தவர்கள் அறிவர். டிஸ்க் பிரேக்கிலோ சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டு காற்றில் திறந்து நிற்கிறது. அதை இருபுறமும் பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. வட்டு சூடேறித் தடித்தால் பேடை விட்டு விலகாமல் அதை நோக்கியே வருகிறது. மழையில் நனைந்தாலும் ஓரிரு சுற்றில் நீரைத் துடைத்துவிடுகிறது. பருவமழையில் லோணாவாலா பக்கம் வண்டி ஓட்டுவோருக்கு இதன் அருமை தெரியும்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர் 1902-ம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1953-ம் ஆண்டு பிரான்சின் ல மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூண்ட ஜாகுவார் வண்டி வெற்றி பெற்ற பின்னரே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. 1955-ல் சித்ரோயன் டி.எஸ். வண்டியின் முன்சக்கரங்களுக்கும், 1966-ல் ஃபியட் 124 வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் அது வந்தது.

டிஸ்க் சிறந்ததென்றால் நான்கிலும் ஒரே மாதிரிப் பொருத்திவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும். வண்டியை நிறுத்தும்போது அதன் பாரம் முன்னே சாய்கிறது. முன்னால் 600 கிலோ, பின்னால் 600 கிலோ என்று சமமாக நிற்கும் நம் 1,200 கிலோ வண்டியின் கனமையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். பத்மினியின் முன்பின் சக்கரங்களுக்கு இடையே 234 சென்டிமீட்டர் தூரம். பலமாகப் பிரேக் பிடித்தால் ஏறக்குறைய 200 கிலோ பாரம் பின்னிருந்து முன்னே மாறிவிடுகிறது. முன்சக்கரங்கள் 800 கிலோவையும், பின்சக்கரங்கள் 400 கிலோவையும் தாங்குகின்றன. ஆகவே நிறுத்தும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு முன்சக்கரங்களுக்கு உரியது. பின்சக்கரத்திற்கு அதன் பங்குக்கு மேல் பிரேக் கொடுத்தால், முன்சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போதே பின்சக்கரம் உருளாமல் நின்று தேய்ந்து சறுக்கும். சறுக்கும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு இல்லை. வண்டியின் வால் முன்னே வரப் பார்க்கும். முன்சக்கரம் முதலில் சறுக்கினால் வண்டி திரும்ப மறுத்து நேரே போகும். காலைச் சற்று எடுத்தால் மீண்டும் வசப்படும். பின்சக்கரம் முதலில் சறுக்கினால் திருத்திக்கொள்ளப் பெரும்பாலும் அவகாசம் கிடைப்பதில்லை.

நாம் அறிந்த அன்பர் ஒருவர், பிம்ப்ரியில் பணிபுரிபவர், தம் வண்டிக்கு நான்கு சக்கரங்களிலும் ஒரே அளவான முன்சக்கரக் காலிப்பர்களைப் பொருத்திக்கொண்டார். நான்கும் ஒன்றுபோல் இருப்பதே அழகு என்று பட்டறைக்காரர் சொன்னாராம். வெயில் நாட்களில் ஒரு குறையும் தெரியவில்லை. ஜூன் மாதத்து முதல் மழையில், கார் ஓரிடத்தில் நிற்க வேண்டியது அரை வட்டம் சுற்றி வந்த திசையையே நோக்கி நின்றது. பின்னால் வாகனம் எதுவும் வராதது அவருடைய நல்வினை.

அவர் வண்டியில் நேர்ந்ததை எண்களால் பார்த்தால் எளிதில் விளங்கும். காலிப்பரின் பிடி அதன் பிஸ்டனின் பரப்பைப் பொறுத்தது, விட்டத்தைப் பொறுத்ததன்று. 48 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 1,810 சதுர மில்லிமீட்டர். 34 மில்லிமீட்டர் பிஸ்டனின் பரப்பு சுமார் 908, அதாவது பாதி. வட்டும் பேடும் ஒரே தன்மையின என்று கொண்டால், முன்னால் 48, பின்னால் 34 என்று அமைத்த வண்டியில் பின்சக்கரங்களின் பங்கு மூன்றில் ஒன்று. முன்சொன்ன பாரக் கணக்கோடு அது பொருந்துகிறது. பின்னால் 40 மில்லிமீட்டர் போட்டாலே அந்தப் பங்கு நூற்றுக்கு நாற்பதைத் தாண்டிவிடும். கண்ணுக்கு 34-க்கும் 40-க்கும் அதிக வேற்றுமை தெரியாது. நம் அன்பருக்கோ நான்கும் 48. பங்கு சரி பாதி. ஆகையால் கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் முன்பிஸ்டன் விட்டம், பின்பிஸ்டன் விட்டம், முன்வட்டின் விட்டம், பின்வட்டின் விட்டம் ஆகிய நான்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவை தெரியாமல் காலிப்பர் வாங்குவது அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போன்றதுதான். செருப்பு காலைக் கடிப்பதோடு விட்டுவிடும்.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். பழைய வண்டிகள் பலவற்றில் ஒரே அறையுள்ள சிலிண்டர் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெயைத் தள்ளுகிறது. எங்கேனும் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு பிரேக்கும் போயின. டிஸ்க் மாற்றத்திற்குச் செலவிட எண்ணுபவர், அந்தச் செலவில் முதல் ரூபாயை இரண்டு அறையுள்ள மாஸ்டர் சிலிண்டருக்கே ஒதுக்க வேண்டும் என்பது நம் கருத்து. பின்சக்கர டிஸ்க்கைக் காட்டிலும் அது உயிர் காக்கும் பொருள். அதன் விட்டத்தையும் கணக்கிட வேண்டும். காலிப்பர் பிஸ்டன்கள் பெரியவை. அதிக எண்ணெய் கேட்கும். சிலிண்டர் சிறிதானால் மிதிகட்டை தரையைத் தொடும். பெரிதானால் மிதி கல் போல் இறுகும். 19 மில்லிமீட்டர் சிலிண்டரை 22-ஆக மாற்றினால், அதே கால் வலிமைக்கு எண்ணெயின் அழுத்தம் முக்கால் பங்காகக் குறைந்துவிடும். டிரம் ஷூவுக்குச் சக்கரத்தின் சுழற்சியே உள்ளிழுத்துத் துணை செய்கிறது. டிஸ்க் பேடுக்கு அந்தத் துணை இல்லை. ஆதலால் முன்சக்கர டிஸ்க்கோடு பூஸ்டரும் சேர்ந்தே வருவது நலம். பூஸ்டர் எஞ்சின் இழுக்கும் வெற்றிடத்தால் இயங்குவது. எஞ்சினை அணைத்தால் ஓரிரு மிதிக்குத்தான் அது உதவும். பின்னர் முழு வலிமையும் நம் காலே தர வேண்டும். எரிபொருள் மிச்சப்படுத்தவென்று இறக்கத்தில் சாவியைத் திருப்பும் வழக்கம் உள்ளவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டரைப் பற்றி இன்னும் ஒரு நுட்பம். டிரம் வண்டியின் சிலிண்டர்களிலும் குழாய்வழியிலும், காலை எடுத்த பின்னும் சிறிதளவு அழுத்தம் தங்கும்படி ஒரு தடுக்கிதழ் வைப்பதுண்டு. ஷூக்களின் சுருள்வில் பலமானதால் அது தொல்லை தருவதில்லை. காலிப்பரிலோ பேடை இழுத்துக்கொள்ளும் வில் கிடையாது. ஆகவே பழைய சிலிண்டரை அப்படியே வைத்துக்கொண்டு டிஸ்க் போட்டால், மிதிக்காத போதும் பேடு வட்டை உரசிக்கொண்டே வரும். சக்கரம் சூடேறுகிறது, பெட்ரோல் அதிகம் ஆகிறது, காரணம் தெரியவில்லை என்று முறையிடுவோரின் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

இனிப் பின்சக்கரம். இங்கே தீர்மானிக்க வேண்டியது ஹாண்ட் பிரேக். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 96-வது விதி, காலால் இயக்கும் பிரேக்கும், வண்டியை நிறுத்தி வைக்கும் பிரேக்கும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே இருக்க வேண்டும் என்று பணிக்கிறது. டிரம்மில் கம்பி ஒன்று ஷூவை இழுத்து இதை எளிதாகச் செய்துவிடுகிறது. டிஸ்க்கில் இரண்டே நல்ல வழிகள் உண்டு. காலிப்பருக்குள்ளேயே கம்பியால் திருகும் நெம்புகோல் அமைந்திருக்க வேண்டும். அல்லது வட்டின் நடுக்குழியில் சிறிய டிரம் ஒன்று ஹாண்ட் பிரேக்குக்கென்றே இருக்க வேண்டும். முன்சக்கரக் காலிப்பரைப் பின்னால் போட்டால் இரண்டும் இல்லை. கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்லும் மெக்கானிக்கிடம் விடைபெற்றுக்கொள்வது நல்லது.

எண்ணெய் பின்னால் செல்லும் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றையும் பொருத்துவார்கள். கைத்திருகியால் மாற்றக்கூடிய வால்வும் கிடைக்கிறது. அது கணக்கின் கடைசிச் சில்லறையைச் சரிக்கட்டும் கருவி. தவறான காலிப்பரைச் சரியாக்கும் மருந்தன்று. குழந்தைகளோ விருந்தினரோ அந்தத் திருகியைத் தொடமுடியாத இடத்தில் அது இருக்க வேண்டும்.

இவ்வளவையும் பார்த்த பின், பின்சக்கர டிஸ்க் அவசியந்தானா என்ற கேள்வி எழும். நம் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறோம். சாதாரணமாக ஓடும் குடும்ப வண்டிக்கு, முன்னால் டிஸ்க், பின்னால் நன்றாகச் செப்பனிட்ட டிரம், இரண்டு அறைச் சிலிண்டர், பூஸ்டர் ஆகியவை போதும். இன்று விற்பனையாகும் புதிய வண்டிகளிலும் பின்னால் டிரம் உள்ளவை பல. ஜெர்மனியின் ஃபோல்க்ஸ்வாகன் நிறுவனம் தன் ஐ.டி.3, ஐ.டி.4 மின்சார வண்டிகளுக்கே பின்னால் டிரம் வைத்தது. அதனால் டிரம்மைக் குறித்து வெட்கப்பட ஒன்றுமில்லை. எஞ்சினை மாற்றி வேகத்தைக் கூட்டியவர்கள், மலைப்பாதையில் நிறைபாரத்தோடு அடிக்கடி செல்பவர்கள் ஆகியோருக்கு நான்கு டிஸ்க்கும் பொருளுடையது. ஏ.பி.எஸ். உள்ள வண்டியை எவரும் தொடவே வேண்டாம். 2019-ம் ஆண்டு ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயம். அதன் கணினி அந்த வண்டியின் பிரேக் அளவுகளை நம்பியே வேலை செய்கிறது.

உறுப்புகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும்போது சில சிறிய எண்கள் பெரிய அபாயம் விளைக்கின்றன. ஃபியட் மரபு வண்டிகளில் சக்கர போல்ட்டுகள் நான்கும் 98 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைவது வழக்கம். வேறு பல வண்டிகளில் அது 100 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று 100 அளவுள்ள வட்டை 98 ஹப்பின்மீது இறுக்கினால் அது உட்கார்ந்துவிட்டதுபோலவே தோன்றும்; உண்மையில் போல்ட்டுகள் சாய்ந்து நிற்கும். பிரேக் குழாயின் திருகிலும் இதே வலை உண்டு. 10 மில்லிமீட்டர் திருகும், 3/8 அங்குலத் திருகும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரட்டையர் போலிருக்கும். ஒன்றின் நட்டை மற்றொன்றில் பலவந்தமாக ஏற்றினால் அன்றைக்கு ஒழுகாது. என்றைக்கு ஒழுகும் என்று சொல்வதற்கில்லை. காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட், எந்திரத்தில் கடைந்த எஃகாக இருக்க வேண்டும். வாயுச் சுடரால் வெட்டி ஒட்டவைத்த தகடு ஆகாது. அதன் போல்ட்டுகளின் தலையில் 10.9 என்ற எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். வட்டு வாங்குமுன் அதன் விட்டத்தையும் காலிப்பரின் புடைப்பையும் அட்டையில் வெட்டிச் சக்கரத்தின் உட்புறம் வைத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டால், பணங்கொடுத்த பின் வருந்த வேண்டியிராது.

வாங்குமிடம் பற்றி. புனேயில் மோட்டார் உதிரிப் பாகங்களுக்கு நானா பேட்டையை எவரும் காட்டுவர். ஜூனா பஜாரில் பழைய பொருள்கள் கிடைக்கும். பழைய பொருள்களில் காலிப்பரின் உடலையும் பிராக்கெட்டையும் வாங்கிச் செப்பனிடலாம். ரப்பர் ஸீல், ஹோஸ், பேடு, மாஸ்டர் சிலிண்டரின் உள்ளுறுப்புகள் ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாகாது. வட்டின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அளந்து பார்த்து அதற்குக் கீழாயின் விலை எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பேடின் ஓரத்தில் சில தயாரிப்பாளர்கள் இரண்டு எழுத்துகளை அச்சிடுவர். முதலெழுத்து சாதாரண உஷ்ணத்திலும், இரண்டாவது எழுத்து மிகுந்த உஷ்ணத்திலும் உள்ள பிடிப்பைக் குறிக்கும்; 'ஈ'யைவிட 'எஃப்'பும், 'எஃப்'பைவிட 'ஜி'யும் அதிகப் பிடிப்புடையவை. பின்பேடு முன்பேடைவிட உயர்ந்த எழுத்தாக இருக்கக் கூடாது. எழுத்தைப் பார்த்துப் பேடு கேட்கும் வாடிக்கையாளரைக் கடைக்காரர் சற்று வியப்போடு பார்ப்பார், பார்க்கட்டும்.

நானா பேட்டைக் கடையில் ஒரு பெட்டியைப் புரட்டிப் பார்க்கும் தமிழருக்குச் சிறு மகிழ்ச்சியும் காத்திருக்கலாம். இந்நாட்டு வண்டிகளின் பிரேக்குகளில் பெரும்பங்கு சென்னைப் பக்கத்துக் கைவண்ணம். பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-ம் ஆண்டில் டி.வி.எஸ். குடும்பத்தாரும் இங்கிலாந்தின் லூக்காஸ் நிறுவனத்தாரும் கூடித் தொடங்கியது. ரானே பிரேக் லைனிங், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ஆகியனவும் சென்னையைச் சார்ந்தவையே. புனேக்கும் இத்தொழிலில் பங்குண்டு. இத்தாலியின் பிரெம்போ நிறுவனம் அருகிலுள்ள சாகனில் தொழிற்சாலை வைத்திருக்கிறது. இவற்றின் பெயரைத் திருடிய போலிப் பெட்டிகளும் உலவுவதால், ரசீது தராத கடையில் பேடு வாங்குவதைத் தவிர்க்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்குப் பதிவுப் புத்தகம் மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019-ம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வற்புறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமளிக்கிறது. 'மாற்றம்' என்பதற்குச் சட்டமே விளக்கம் தருகிறது: வண்டியின் அமைப்பில் செய்யப்பட்டு, அதன் அடிப்படைத் தன்மையை மாற்றிவிடுவது. சட்ட வாசகங்களை மொழிபெயர்த்தே காலங்கழிக்கும் நமக்கு, 'அடிப்படைத் தன்மை' போன்ற ஒரு தொடர் எத்தனை வழக்குகளைத் தன் வயிற்றில் வைத்திருக்கும் என்பது தெரியும். டிரம் போய் டிஸ்க் வருவது அதில் அடங்குமா என்பதை நாமும் தீர்மானிக்க வேண்டாம். பட்டறைக்காரரும் தீர்மானிக்க வேண்டாம். வண்டி எண் எம்.எச். 12 ஆனால் புனே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கும், எம்.எச். 14 ஆனால் பிம்ப்ரி-சிஞ்ச்வட் அலுவலகத்திற்கும் வேலை தொடங்குமுன் எழுதிக் கேட்டுப் பதிலை எழுத்தில் பெறுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போகட்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கச் செல்லும்போது அந்தக் கடிதங்கள் துணை நிற்கும். புனேயின் வேதாள் குன்றில் 1966 முதல் இயங்கிவரும் மோட்டார் ஆராய்ச்சிச் சங்கமான ஏ.ஆர்.ஏ.ஐ., தயாரிப்பாளர்களின் வண்டிகளைப் பலவகையாகச் சோதித்த பின்னரே சான்று அளிக்கிறது. நம் பட்டறையில் ஒரே பிற்பகலில் அந்தச் சோதனைகளையெல்லாம் தாண்டி ஒரு புது அமைப்பை உண்டாக்கிவிடுகிறோம். அதைச் சோதிக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் நம்முடையதாகிறது.

அந்தச் சோதனையை எப்படிச் செய்வது? பொருத்தி முடித்ததும் எண்ணெயிலுள்ள காற்றை வெளியேற்றும் நிப்பிள், காலிப்பரின் மேற்புறத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே இருந்தால் இடது காலிப்பரும் வலது காலிப்பரும் இடம் மாறிவிட்டன என்று பொருள். காற்று ஒருபோதும் முழுதும் வெளியேறாது. மிதி பஞ்சு போலவே இருக்கும். பின் ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசி வரை திருப்பி ஹோஸ் எங்கும் உரசுகிறதா என்று நோக்க வேண்டும். போக்குவரத்தில்லாத, நனைந்த, சமமான திறந்த வெளியில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் சென்று பலமாக மிதியுங்கள். ஒருவர் சற்று எட்ட நின்று எந்தச் சக்கரம் முதலில் சறுக்குகிறதென்று பார்க்கட்டும். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில், பின்சக்கரங்களுக்கு முன்னதாகச் சறுக்க வேண்டும். பின்சக்கரம் முந்தினால் வால்வைக் குறையுங்கள். வால்வின் எல்லை வரை குறைத்தும் முந்தினால் சிறிய காலிப்பர் வாங்கும் வரை வண்டி வீட்டிலேயே நிற்கட்டும். முப்பதில் சரியானதை ஐம்பதில் மீண்டும் பாருங்கள்.

பேடு புதிதானால் அதற்கும் வட்டுக்கும் பழக்கம் ஏற்பட வேண்டும். அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபது வரை மெதுவாகக் குறைப்பதைப் பத்து முறை, இடையிடையே காற்றில் ஆறவிட்டுச் செய்தால் போதும். எண்ணெய் டி.ஓ.டி. 4 வகையாக இருக்கட்டும். புதிதாக இருக்கும்போது அது குறைந்தது 230 டிகிரி உஷ்ணம் வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தைக் குடித்த பின் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்த எண்ணெயில் ஆவி நிறைந்தால் மிதிகட்டை வெறுமனே தரை வரை போகும். நம் பகுதியின் நான்கு மாத மழையைக் கருதி இரண்டாண்டுக்கு ஒரு முறை அதை முழுவதும் மாற்ற வேண்டும்.

முதல் ஐந்நூறு கிலோமீட்டர் நகருக்குள்ளேயே ஓட்டியபின், சக்கரங்களைக் கழற்றிப் பிராக்கெட் போல்ட்டுகளின் இறுக்கத்தையும், பேடுகளின் தேய்மானத்தையும் பாருங்கள். ஒரே காலிப்பரின் உட்பேடும் வெளிப்பேடும் சமமாகத் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் தன் ஊசிகளின்மீது வழுக்கவில்லை. அதைத் துடைத்து, அதற்குரிய கிரீஸ் இட்டுப் பூட்டுங்கள். அதன் பிறகு ஊர்ப் பயணம் வைத்துக்கொள்ளலாம். தொப்பூர் இறக்கத்தில், புது டிஸ்க் இருந்தாலும், இரண்டாவது கியரில்.